கோலி சோடா முதல் பொவொண்டோ வரை: நம் சோடாத் தொழில் கடந்து வந்த பாதை

புதுச்சேரி செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்தில், அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து இவ்வூருக்கு வந்த பானத்தின் சான்றுகள் அவை. இம்மலருக்காக நம் வணிகர் வீட்டுப் பரண்களிலிருந்து இறக்கிய பழைய பாட்டில்களையும் மூடிகளையும் மரப்பெட்டிகளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது அந்த ஓடுகளே நினைவுக்கு வந்தன. அயலார் கொண்டுவந்த பானத்தின் வரலாறு கண்ணாடிப் பேழைக்குள் காக்கப்படுகிறது. நம்மவர் கைகளால் உருவான பானத்தின் வரலாற்றையும் எழுதிவைப்பது நம் கடமை.

சோடாவின் தொடக்கம் அயல்நாட்டில்தான். இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி 1767-இல் தண்ணீரில் கரியமில வாயுவைக் கலந்து காட்டினார். 1783-இல் ஜெனீவாவில் யாக்கோப் ஷ்வெப் அதைத் தொழிலாக்கினார். வாயு வெளியேறாமல் அடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அதற்கு விடை கண்டவர் லண்டனைச் சேர்ந்த ஹைரம் காட். 1870-களின் தொடக்கத்தில் அவர் உரிமம் பெற்ற பாட்டிலே நம் கோலி சோடா பாட்டில். தலைகீழாகப் பிடித்து நிரப்பும்போது கோலி கழுத்துக்கு இறங்கும். உள்ளே இருக்கும் வாயு அதை ரப்பர் வளையத்தோடு இறுக்கி அழுத்தும். மூடியே தேவையில்லை.

நம் மண்ணில் இத்தொழிலின் பெருமைக்குரிய ஆண்டு 1916. பாரதியார் புதுச்சேரியில் அடைக்கலமாக வாழ்ந்த காலம். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். காமராசர் பிறந்த ஊரான விருதுநகரில், அன்றைய விருதுபட்டியில், பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் காளிமார்க் குளிர்பான நிறுவனத்தைத் தொடங்கினார். சுதேசி என்ற சொல் பலருக்கு முழக்கமாக இருந்த நாளில், அதைத் தொழிலாகவே செய்து காட்டியவர் அவர்.

அந்நாளைய சோடாக் கம்பெனி வேலை எளிதன்று. பாட்டில்களைத் தொட்டியில் கழுவி, இயந்திரத்தில் பூட்டி, கைப்பிடியைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்ற வேண்டும். அழுத்தம் கூடினால் பாட்டில் வெடிக்கும். கோணியைக் கையில் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தவர்கள் உண்டு. சில்லு தெறித்த தழும்பைக் கடைசிவரை சுமந்தவர்களும் உண்டு. அடுக்கிய பெட்டிகளைச் சைக்கிளில் கட்டி ஊர் ஊராகப் போட்டவர்களின் வியர்வையில் வளர்ந்தது இத்தொழில்.

1950-களில் காலம் மாறியது. விருந்தாளி வந்தால் பையனை ஓடவிட்டுக் கலர் வாங்கிவரச் சொல்வது வீடுதோறும் வழக்கமாயிற்று. கூட்ட மேடையில் பேச்சாளருக்குச் சோடா உடைத்துக் கொடுக்காத ஊரில்லை. பன்னீர் சோடாவின் மணமில்லாமல் திருவிழாவும் இல்லை. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் காளிமார்க் தந்த பொவொண்டோ, திராட்சைச் சுவையால் தமிழர் நாவில் நிலையான இடம் பிடித்தது.

1977-இல் மத்திய அரசின் அந்நிய முதலீட்டு விதிகளை ஏற்க மறுத்துக் கோகோ கோலா நாட்டை விட்டு வெளியேறியது. உள்நாட்டுப் பானங்கள் தலைநிமிர்ந்தன. கோல்டு ஸ்பாட், லிம்கா, தம்ஸ் அப் ஆகியவற்றின் அருகே நம் வட்டாரப் பாட்டில்களும் கடைப் படிகளில் சமமாக நின்றன.

கடுஞ்சோதனை 1990-களில் வந்தது. பெப்சி நுழைந்தது. 1993-இல் கோகோ கோலா திரும்பி, பார்லே நிறுவனத்தின் புகழ்பெற்ற பானங்களையும் வாங்கிக்கொண்டது. ஊருக்கு ஊர் இருந்த சோடாக் கம்பெனிகள் பல கதவடைத்தன. விளம்பரத்துக்குக் கொட்டப் பணமில்லாத நிலையிலும், பழகிய கடைக்காரரையும் பழகிய நாக்கையும் நம்பிக் காளிமார்க் தன் பெயரை விட்டுக்கொடுக்காமல் நின்றது.

அந்த உறுதிக்குக் காலம் பதில் சொன்னது. 2016-இல் காளிமார்க் நூறாண்டு கண்டது. மறு ஆண்டு தைமாத ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, மார்ச் 1 முதல் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை எனத் தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தன. இளைஞர்கள் பொவொண்டோவைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். விருதுபட்டியில் தொடங்கிய நம்பிக்கை வீண்போகவில்லை.

திரட்டிய பாட்டில்களில் ஒன்றின் கழுத்தில் பச்சைக் கோலி இன்னும் இருக்கிறது. சாய்த்தால் கிணுகிணுவென உருள்கிறது. ரப்பர் வளையம் இற்றுப்போனது. கண்ணாடியில் கீறல் விழாத இடமில்லை. எத்தனை முறை கழுவப்பட்டு, நிரப்பப்பட்டு, எத்தனை கைகளுக்குப் போய்த் திரும்பியிருக்கும்! அந்தக் கைகளை வணங்கி, நம் தொழிலின் பெருமையை அடுத்த தலைமுறைக்கு இம்மலர்வழி ஒப்படைக்கிறோம்.