ஐரோப்பா திருப்பி அனுப்பிய பாடம்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்றதும் கோயிலும் பாலமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கரையில் விசைப்படகுகள் கொண்டுவரும் இறால், கடல் கடந்து போகும் ஏற்றுமதிச் சரக்கு!

1997 ஆகஸ்டில் இந்த வியாபாரத்துக்குப் பெரிய அடி விழுந்தது. இந்திய மீன் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. சரக்கில் நோய்க்கிருமி, ஆலைகளில் சுகாதாரக் குறை என்று காரணம் சொன்னது. அதே ஆண்டு டிசம்பர் 18 முதல் அமெரிக்காவும் ஹெச்.ஏ.சி.சி.பி. என்ற முறையைக் கட்டாயமாக்கியது. விண்வெளி வீரர்களின் உணவுக்காக உருவான முறை இது. கடைசியில் பெட்டியைத் திறந்து சோதித்தால் போதாது. பொருள் எந்தெந்தக் கட்டத்தில் கெடும் என்று முன்பே கண்டுபிடித்து, அங்கேயே தடுக்க வேண்டும்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. ஏற்றுமதித் தரக்கட்டுப்பாட்டுச் சட்டம் 1963-லேயே வந்துவிட்டது. கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான எம்பெடா 1972-ல் வந்தது. தடைக்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சில் ஆலைகளைச் சோதித்து அங்கீகாரம் தந்தது. தண்ணீர் சுத்திகரிப்பு, ஐஸ் இயந்திரம், ஆய்வுக்கூடம் ஆகியவற்றுக்கு எம்பெடா நிதியுதவி செய்தது. டிசம்பர் இறுதியில், அங்கீகாரம் பெற்ற ஆலைகளுக்கு மட்டும் ஐரோப்பா மீண்டும் கதவைத் திறந்தது.

செலவை யார் தாங்கினார்கள்? பெரிய நிறுவனங்கள் சமாளித்தன, சிறியவை திணறின. தனிக் கொட்டகைகளில் நடந்த தோல் உரிக்கும் வேலை ஆலைகளுக்குள் நகர்ந்தது. கொட்டகையை நம்பியிருந்த பெண்களின் பிழைப்பும் ஆட்டம் கண்டது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இறால் கெடத் தொடங்குவது ஆலையில் அல்ல, படகில். வெயிலில் கிடந்து கெட்டுப்போன இறாலை எந்த நவீன இயந்திரத்தாலும் புதிதாக்க முடியாது. படகிலும் இறங்குதளத்திலும் மீனவர்களுக்குச் சுத்தம், ஐஸ், கையாளும் விதம் பற்றிப் பயிற்சி தர, எம்பெடா நெட்ஃபிஷ் என்ற அமைப்பைத் தொடங்கியது 2007-ல்தான். தடை வந்து பத்து ஆண்டுகள் கழித்து!

பயிற்சி மட்டும் போதுமா? ஐஸுக்கும் காசு வேண்டும். ஐஸில் வைத்த இறாலுக்கும் வைக்காத இறாலுக்கும் கரையில் ஒரே விலை என்றால், மீனவர் எதற்காகச் செலவு செய்வார்? தரத்தைக் கேட்கும் சந்தை, தரத்துக்கான விலையையும் படகு வரை கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதுதான் உண்மையான உதவி.