மலாயா நோயும் காண்டாமிருக வண்டும்



பாசிர் கூடாங் என்றதும் துறைமுகமும் தொழிற்சாலைகளும்தான் நினைவுக்கு வரும். இங்கே சுத்திகரிக்கப்பட்டுக் கப்பல் ஏறும் செம்பனை எண்ணெய்க்குப் பின்னால் தோட்டங்கள் இருக்கின்றன. அந்தத் தோட்டங்களின் பழைய பகைதான் காண்டாமிருக வண்டு.

முதலில் அதன் வாழ்க்கைச் சுழற்சியைப் பாருங்கள். பெண் வண்டு மட்கிய மரத்திலும் எருக்குவியலிலும் முட்டையிடும். ஏறக்குறைய 10 நாளில் வெள்ளைப் புழு வெளிவரும். அது மட்கியதைத் தின்று சில மாதம் வளரும். பிறகு சுமார் 3 வாரம் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். கடைசியில் வரும் கொம்பு வண்டுதான் இரவில் பறந்துபோய்த் தென்னை, செம்பனைக் குருத்தைத் துளைக்கும். ஓலை விரியும்போது கத்தரித்த மாதிரி முக்கோண வெட்டு தெரியும். குருத்தின் அடி நுனி அறுபட்டால் மரமே செத்துவிடும். ஆக, புழு பச்சை மரத்தைத் தொடுவதில்லை. கெடுதல் செய்வது வளர்ந்த வண்டு. இதைத் தேர்வில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

இனி வரலாறு. 1909-இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு இந்த வண்டு பசிபிக் தீவான சமோவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதே ரப்பருக்காகத்தான் அந்தக் காலத்தில் நம் முன்னோரும் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஆசியாவில் வண்டுக்கு இயற்கை எதிரிகள் உண்டு. பச்சைப் பூசணம் புழுவைக் கொல்லும். ஒருவகைக் குளவி புழுவைக் கொட்டி அதன்மேல் முட்டையிடும். தீவுகளில் வண்டை அடக்க ஆளில்லை. தென்னையை நம்பிப் பிழைத்த மக்கள் தவித்துப் போனார்கள்.

1963-இல் ஜெர்மன் ஆய்வாளர் அலோய்ஸ் ஹூகர் அந்த எதிரியைத் தேடி நம் நாட்டுக்கு வந்தார். நோயுற்ற புழுக்களில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். அதற்கு ‘மலாயா நோய்’ என்றே பெயர் வந்தது. நோய் பிடித்த வண்டு உடனே சாகாது. குறைவாகத் தின்னும், குறைவாக முட்டையிடும், போகும் இடமெல்லாம் எச்சத்தின் வழியே நோயைப் பரப்பும். 1967-இல் சமோவாவில் அதை விட்டார்கள். சேதம் வெகுவாகக் குறைந்தது. பிறகு ஃபிஜி, டோங்கா தீவுகளுக்கும் அது போனது.

கதை அதோடு முடியவில்லை. 2007-இல் குவாம் தீவில் தென்பட்ட வண்டு இனம் இந்த வைரஸுக்குப் பணியவில்லை. நம் தோட்டங்களிலும் இன்னொரு சிக்கல் உண்டு. மறுநடவின்போது பழைய மரங்களை எரித்தார்கள். புகையைத் தவிர்க்க அந்த வழக்கம் கைவிடப்பட்டது, நல்ல முடிவுதான். ஆனால் வெட்டிப்போட்ட மரம் மட்கும்போது அதுவே புழுவுக்குத் தொட்டில் ஆகிறது. அதனால் மரத்தைச் சிறு துண்டுகளாக்கிப் பரப்புகிறார்கள், மூடுபயிர்க் கொடிகளைப் படரவிடுகிறார்கள்.

வண்டை வரவழைத்ததும் நாம்தான், அதற்கு வீடு கட்டித் தருவதும் நாம்தான். வைரஸோ பூசணமோ நமக்குத் துணை மட்டுமே.

பயிற்சி: ‘மனிதப் பயணமும் வணிகமும் இயற்கைச் சமநிலையை மாற்றுகின்றன.’ சமோவா, மலாயா, குவாம் ஆகிய மூன்றையும் காட்டி, காரணமும் விளைவும் தனித்தனியே விளங்க எழுதுங்கள்.