கண்டி மன்னனின் பொன்வாள்

இலங்கையின் தேசியக் கொடியிலுள்ள சிங்கம் தன் முன்காலில் வாளொன்றை ஏந்தி நிற்பதைப் பாடசாலைச் சிறாரும் அறிவர். அவ்வாள் 'கஸ்தானே' எனப்படும் வகையைச் சார்ந்தது. கொடியில் நாளும் காணும் அவ்வடிவத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்கும் அரண்மனைப் பொன்வாள் ஒன்று, 1765ஆம் ஆண்டு தொடங்கி 2023ஆம் ஆண்டுவரை இந்நாட்டில் இருக்கவில்லை. அது போனதும், இன்னதென்று அறியப்பட்டதும், மீண்டு வந்ததுமான வரலாறு, பழைய வாள் ஒன்றை எவ்வாறு இனங்காண்பது என்னும் கேள்விக்கும் விடை தருகின்றது.

வாளை இனங்காணும் கலை மிகப் பழையது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்-கிந்தி, கலீபா அல்-முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றித் தனி நூலொன்று எழுதினார். எந்த நாட்டு உருக்கு, எங்கே அடிக்கப்பட்டது, அலகின் மேல் தோன்றும் வரிகள் எத்தகையன என்று அவர் வகைப்படுத்திச் செல்கின்றார். அவ்வகைகளுள் சரந்தீபின் உருக்கும் ஒன்று. சரந்தீபு இலங்கையே. இது வெறும் வணிகர் கதையன்று. சமனலவாவிப் பகுதியின் மலைச்சரிவுகளில், பருவக்காற்றின் வலிமையையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய இரும்பு உலைகளை ஆங்கில ஆய்வாளர் கில் ஜூலெவ் கண்டறிந்தார். அதே முறையில் உலை கட்டி, காற்றின் துணையால் இரும்பு உருக்கியும் காட்டினார். அவ்வாய்வு 1996இல் வெளிவந்தது.

இக்கலையை மிக நுட்பமாக வளர்த்தவர் யப்பானியர். யப்பானிய வாளை அறிய விரும்புவோர் அதன் உறையையோ பிடியின் அலங்காரத்தையோ முதலிற் பார்ப்பதில்லை. பிடியைக் கழற்றி, அதனுள் மறைந்திருக்கும் அலகின் அடியைப் பார்க்கின்றனர். கொல்லன் தன் பெயரையும் சிலவேளை ஊரையும் ஆண்டையும் பொறிப்பது அங்கேதான். அவ்விடத்துத் துருவின் நிறமே வாளின் வயதுக்குச் சாட்சி. ஆதலால் அறிந்தவர் எவரும் அத்துருவைத் தேய்த்து நீக்கார். பெயரைப் பொய்யாகப் பொறித்தோரும் உண்டாகையால், அலகின் விளிம்பில் அலைபோல ஓடும் பதக்கோட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பர். களிமண் பூசி, காய்ச்சி, நீரில் தோய்க்கும் வேளையில் உண்டாவது அக்கோடு. அது கொல்லனுக்குக் கொல்லன் வேறுபடும்.

கஸ்தானேயின் நிலை வேறு. அதில் கொல்லனின் பெயரைக் காண்பது அரிது. அலகு குறுகியது, சற்றே வளைந்தது, ஒருபக்கமே கூருடையது. பல வாள்களில் அலகு இந்நாட்டில் அடிக்கப்பட்டதேயன்று. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் முத்திரை பொறித்த அலகுகளும் உண்டு. இலங்கைத் தட்டாரின் கைவண்ணம் முழுவதும் பிடியிலேயே இருக்கின்றது. பிடியின் தலை வாய்பிளந்த சிங்கம் அல்லது யாளியின் முகமாக அமையும்; கைகாப்பின் முனைகளிலும் அத்தகைய சிறு முகங்கள் காணப்படும். யப்பானிய வாளின் பெருமை அலகில்; கஸ்தானேயின் பெருமை பிடியில். இதனை அறியாதவன் அலகின் முத்திரையை மட்டும் பார்த்து, இஃது ஒல்லாந்த வாள் என்று ஏமாறுவான். காலத்தைக் கணிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பிரித்தானியர் ஆட்சியில் முதலியார்கள் அரச உடையோடு இத்தகைய வாளை அணிந்தனர். ஆகவே இன்று காணப்படும் கஸ்தானே யாவும் மன்னர் காலத்தன அல்ல.

ஆனால், பிடியும் அலகும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. வாள் யாருடையது, எவ்வாறு கைமாறியது என்பதே அது. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபு தம் தென்கிழக்காசியத் தலைமையகத்தை 1944 ஏப்ரலிற் கண்டிக்கு மாற்றினார். மறு ஆண்டு செப்டெம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் யப்பானியப் படை அவரிடம் சரணடைந்தது. யப்பானிய அதிகாரிகள் தத்தம் வாளை ஒப்படைக்க வேண்டுமென்பது அவர் விதித்த நிபந்தனை. அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவற்றுள் தொழிற்சாலை வாள்களும் இருந்தன. தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் காத்துவந்த பழைய அலகுகளும் இருந்தன. வென்றவர் கைக்குப் போனபின், கொல்லனின் பெயர் இரும்பில் எஞ்சியது. உடையவரின் பெயர் பலவற்றில் மறைந்தே போயிற்று.

கண்டிப் பொன்வாளுக்கும் நேர்ந்தது அதுவே. மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அப்போது கண்டியில் அரசு புரிந்தான். ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் 1765 பெப்ரவரியிற் பெரும்படையோடு கண்டிக்குட் புகுந்தார். மன்னன் முன்னரே நகரைவிட்டு நீங்கியிருந்தான். அரண்மனை சூறையாடப்பட்டது. வான் எக் அவ்வாண்டு ஏப்ரலிலேயே கொழும்பில் இறந்தார். நோயும் பட்டினியும் வாட்ட, ஓகஸ்ட் மாதத்தில் ஒல்லாந்தர் கண்டியைக் கைவிட்டனர். நகரம் மன்னனுக்கு மீண்டது. கொள்ளை போன பொருள் மீளவில்லை.

அப்போர் வாளை மட்டும் கொண்டுபோகவில்லை. 1766 பெப்ரவரி 14ஆம் நாள் கைச்சாத்தான உடன்படிக்கையால் இலங்கையின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் ஆட்சிக்குட்பட்டது. கல்முனையும் பொத்துவிலும் உள்ளிட்ட கீழைக்கரையும் அதில் அடங்கும். இக்கீழ்த்திசைக்கும் கண்டிக்கும் இருந்த உறவு பழையது. 1626இற் போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, செனரத மன்னன் அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் குவேறோஸ் எழுதியுள்ளார். ஆகவே பொன்வாள் பறிபோன கதை கண்டியாருக்கு மட்டும் உரியதன்று. கீழைக்கரையின் கதையும் அதனுள் அடங்கியுள்ளது.

வாள் இறுதியில் அம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் நூதனசாலையைச் சேர்ந்தது. அங்கே வெள்ளிக் கஸ்தானே ஒன்றும், கத்தி ஒன்றும், சுவர்த் துவக்குகள் இரண்டும், அணிசெய்த சிறு பீரங்கி ஒன்றும் அதற்குத் துணையிருந்தன. பீரங்கியிற் சிங்களச் சாசனம் உண்டு. 1745ஆம் ஆண்டளவில் லேவுக்கே திசாவை அதனை மன்னனுக்கு அளித்த செய்தியை அது கூறும். வாளுக்கு அத்தகைய வாய் இல்லை. பிற நாடுகளிலுள்ள இலங்கைத் தொல்பொருட்களை டாக்டர் பி. எச். டி. எச். டி சில்வா தேடித் தொகுத்து 1975இற் பெரும் பட்டியலாக வெளியிட்டார். பின்னர் ஒல்லாந்து நாட்டு ஆய்வாளரும் இலங்கை ஆய்வாளரும் கூடிப் பழைய ஆவணங்களையும் பொருள்களையும் ஒப்புநோக்கி, 2022இல் தம் முடிவை வெளியிட்டனர். 2023 ஜூலையில் ஒல்லாந்து அரசு ஆறு பொருள்களையும் திருப்பித்தர இசைந்தது. ஓகஸ்டிற் கொழும்பில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. டிசம்பர் மாதத்தில் அவை கொழும்புத் தேசிய நூதனசாலையில் மக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

பொன்னின் விலையை எடைபோட்டு அறியலாம். வாளின் உரிமையை ஏடு பார்த்தே அறிய முடிந்தது. வரிப்பத்தான்சேனையிலோ சம்மாந்துறையிலோ ஒரு பழைய வீட்டின் பெட்டகத்தில், பாட்டனார் வைத்துப்போன வாளோ கத்தியோ கிடக்கலாம். அதனைச் செங்கல் பொடியிட்டுத் தேய்த்தால் அதன் வயதைச் சொல்லும் சாட்சி அழியும். பழைய இரும்பென்று விற்றுவிட்டால் ஊரின் சாட்சியே அழியும். தொல்பொருளை உத்தரவின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது. ஆயினும் சட்டத்தால் காக்க முடியாத ஒன்று உண்டு. அது வீட்டுப் பெரியவரின் நினைவு. அவ்வாள் யாருடையது, எப்போது, எவ்வழியாக வந்தது என்பதை அவர் இருக்கும்போதே கேட்டு ஓர் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். கண்டிப் பொன்வாள் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தது அத்தகைய எழுத்துக்காகவே.