புறம்போக்கில் பிறந்த ஆட்டமும் காலிமுகத் திடலும்



நம் டெல்டாவில் ஒரு மா நிலம் என்றாலும் நஞ்சையா, புஞ்சையா, தண்ணீர் ஏறுமா என்று கேட்டுத்தான் மதிப்பு போடுவோம். வரி விதிப்புக்குப் புறம்பாக விடப்பட்டது புறம்போக்கு. நாளடைவில் அது ஆளைத் திட்டும் சொல்லாகவும் ஆகிவிட்டது. அப்படிப்பட்ட நிலத்தில் பிறந்த ஓர் ஆட்டத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்: கோல்ஃப்.

பணக்காரர் ஆட்டம் என்றுதானே நினைக்கிறோம்? அது வளர்ந்தது ஸ்காட்லாந்தில், கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடந்த மணல்மேட்டுப் புல்வெளியில். அந்த நிலத்துக்கு 'லிங்க்ஸ்' என்று பெயர். வேதாரண்யம் கரையில் அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் மணலைப் பிடித்து வைக்கின்றன அல்லவா, அங்கே ஒருவகை முரட்டுப் புல் அந்த வேலையைச் செய்கிறது. ஏர் ஓடாது, மரம் நிற்காது. ஆடும் முயலும் மேய்ந்து புல்லைக் கட்டையாக வைத்திருந்தன. ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிய மணற்பள்ளங்கள்தான் இன்றைய மைதானங்களின் 'பங்கர்' ஆயின என்பார்கள். கடற்காற்று பலமாக வீசுவதால் பந்தை உயரத் தூக்காமல் தரையோடு உருட்டி ஆடுவதே அங்கே கெட்டிக்காரத்தனம்.

அங்குள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், மணல்வெளியில் மக்கள் விளையாடும் உரிமையை 1552-லேயே பேராயர் ஒருவர் சாசனமாக எழுதிக் கொடுத்தார். 1764-ல் அங்கே ஒரு சுற்றுக்கு 22 குழி என்றிருந்ததை 18 ஆக்கினார்கள். இன்று உலகமெங்கும் அதே 18. 1797-ல் ஊராட்சி கடனில் சிக்க, நிலம் கைமாறி முயல் வளர்க்கும் இடமாயிற்று. ஆட்டக்காரர்களுக்கும் முயல்காரர்களுக்கும் பல ஆண்டுகள் வழக்கும் சண்டையும் நடந்தன. 1894-ல் சட்டம் இயற்றி ஊர் தன் நிலத்தை மீட்டது. இன்றும் கிளப்பின் கட்டடம்தான் கிளப்புக்குச் சொந்தம். மைதானம் ஊருக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை பழைய மைதானத்தில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் பிள்ளைகளோடும் நாயோடும் அங்கே உலாவுவார்கள்.

இந்த ஆட்டம் நமக்குப் பக்கத்தில் கடலோரமாக ஆடப்பட்ட இடம் கொழும்பு. அங்கே கோட்டைக்குத் தெற்கே, டச்சுக்காரர்கள் பீரங்கி சுட வசதியாக வெட்டவெளியாக விட்ட நிலமே காலிமுகத் திடல். மணல்மேடு இல்லை, கடலும் காற்றும் புல்லும் உண்டு. ஆளுநர் ஹென்றி வார்டு 1859-ல் அங்கே நடைபாதையைக் கட்டி முடித்து, கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் இதைப் பேணுங்கள் என்று பின்வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். 1879-ல் தொடங்கிய கொழும்பு கோல்ஃப் கிளப் முதலில் ஆடியது இந்தத் திடலில்தான். 1896-ல் கிளப் ஊருக்கு உள்ளே, பொரளைக்குப் போய்விட்டது. 1928-ல் 'ராயல்' பட்டமும் கிடைத்தது. அந்த மைதானத்தின் குறுக்கே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது. பெரிய மனிதர்களும் ரயில் போகும்வரை மட்டையோடு காத்து நிற்க வேண்டியதுதான்!

ஆட்டம் போனபின் திடல் மக்களுக்கு நின்றது. 1956 ஜூன் 5 அன்று, சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து செல்வநாயகம் தலைமையில் தமிழர்கள் அறப்போராட்டம் செய்து அடிபட்டது இங்கேதான். 2022-ல் எல்லா இனத்தவரும் கூடாரமிட்டு ஆட்சியாளரைக் கேள்வி கேட்டதும் இங்கேதான். கிளப் இருந்த 17 ஆண்டில் வேலி போட்டு நிலத்தை எழுதி வாங்கியிருந்தால், இவர்களெல்லாம் எங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள்?

தரங்கம்பாடியிலிருந்து கோடியக்கரை வரை நமக்கும் கடலோர மணல் இருக்கிறது. வலை காய்வதும் கருவாடு காய்வதும் பிள்ளைகள் பந்து விளையாடுவதும் அங்கேதான். 2004 சுனாமியில் மணல்மேடு நின்ற இடங்களில் அலையின் வேகம் மட்டுப்பட்டதையும் பார்த்தோம். நெல் விளையாத இடம் என்பதற்காக அதை வீண் நிலம் என்று யாராவது அளக்க வந்தால், செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்கள் தங்கள் மணலை மீட்க 97 ஆண்டுகள் ஆனதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்ப் புறம்போக்கில் நீங்கள் என்னென்ன விளையாடினீர்கள்? இப்போது அந்த இடம் எப்படி இருக்கிறது? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.