செத்த காலேஜும் எங்க பெரியம்மாவும்

கொஞ்ச நாள் முன்னாடி ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு நேரம். பாரீஸ் போயிட்டு வந்த நண்பர் ஒருத்தர் லூவர் மியூசியத்துல எடுத்த படங்களைக் காட்டிட்டிருந்தார். மோனாலிசா முன்னாடி நிக்கிற கூட்டத்தோட பின்மண்டைகள்தான் பாதிப் படத்துல. சும்மா இருக்காம, "நம்ம எழும்பூர் மியூசியம் போயிருக்கீங்களா?"ன்னு கேட்டுட்டேன். "ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க சார், பெரிய திமிங்கல எலும்புக்கூடு இருக்குமே..."ன்னார். மேசையில இருந்த ஆறு பேர்ல அஞ்சு பேர் கதை இதேதான். ஆறாவது ஆள் போனதே இல்லையாம். வீடு புரசைவாக்கம்! :-)

அவங்களைச் சொல்லி என்ன, நானும் அப்படித்தான் இருந்தேன். என்னை மாத்தினது ஒரு புத்தகமும் இல்ல, புரபசரும் இல்ல. எங்க பெரியம்மா. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

தொண்ணூறுகள்ல ஒரு பொங்கல் லீவு. நான் காலேஜ் மூணாவது வருஷம். அரக்கோணம் பக்கத்துக் கிராமத்துல இருந்து பெரியம்மா எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவங்க. ஆனா எந்த ஊர்ல எந்தச் சாமிக்கு என்னிக்குத் திருவிழான்னு மனப்பாடமா சொல்லுவாங்க. "மெட்ராஸ்ல எங்கயாச்சும் கூட்டிட்டுப் போடா"ன்னாங்க. எங்கன்னு கேட்டா, "செத்த காலேஜுக்குத்தான். சின்ன வயசுல எங்கப்பா உயிர் காலேஜும் செத்த காலேஜும் காட்டினாரு"ன்னாங்க.

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். "பெரியம்மா, அது காலேஜ் இல்ல, மியூசியம். உயிர் காலேஜும் காலேஜ் இல்ல, மிருகக்காட்சிசாலை. அது இப்ப வண்டலூருக்குப் போயிடுச்சு"ன்னு பெரிய மேதாவி மாதிரி விளக்கம் வேற. பெரியம்மா கோவிச்சுக்கல. "எதுவோ ஒண்ணு, கூட்டிட்டுப் போ"ன்னுட்டாங்க.

அந்தச் சிரிப்புக்கு ரொம்ப வருஷம் கழிச்சு வெக்கப்பட்டேன். ஏன்னு சொல்றேன்.

சென்னை மியூசியத்தோட கதை எழும்பூர்ல ஆரம்பிக்கல, நுங்கம்பாக்கத்துல ஆரம்பிக்குது. 1846-ல மெட்ராஸ் லிட்ரரி சொசைட்டிக்காரங்க ஊருக்கு ஒரு அருங்காட்சியகம் வேணும்னு யோசனை சொல்றாங்க. அப்புறமா கவர்னரா வந்த ஹென்றி பாட்டிங்கர் லண்டன்ல இருந்த கம்பெனி டைரக்டர்கள்கிட்ட அனுமதி வாங்குறார். 1851-ல மியூசியம் பிறக்குது. கையிருப்பு, சொசைட்டி கொடுத்த சுமார் 1,100 கல்லும் தாதுவும். பொறுப்பாளர், எட்வர்ட் பால்ஃபர்னு ஒரு ராணுவ டாக்டர்.

இடம்? காலேஜ் ஆஃப் ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கட்டடத்தோட மாடி!

1812-ல தொடங்கின அந்தக் காலேஜ்லதான் இங்கிலாந்துல இருந்து வந்து இறங்கின கம்பெனி அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் மத்த மொழிகளும் சொல்லிக்கொடுத்தாங்க. அதை ஆரம்பிச்சவர் நம்ம எல்லீஸ் துரை, திருக்குறளுக்கு உரை எழுதினவர். அந்தக் காலேஜ் போயே போச்சு. காலேஜ் ரோடுங்கிற பேர் மட்டும் இன்னும் இருக்கு. நாம டிபிஐன்னு சொல்ற வளாகம்தான் அந்த இடம். 2022-ல பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்னு பேர் மாத்தினாங்க, ஆனா ஆட்டோக்காரர்கிட்ட இன்னும் டிபிஐன்னுதான் சொல்றோம்.

ஆக, மியூசியம் பொறந்ததே ஒரு காலேஜ்லதான். அதைப் பார்க்கப் போன ஜனம், "காலேஜுக்குப் போறோம்"னு சொல்லியிருக்கு. இதுல என்ன தப்பு?

மாடியில கல்லுங்க கனம் தாங்காம கட்டடமே ஆட்டம் கண்டிருக்கு. 1854-ல எழும்பூருக்கு மாத்துறாங்க. போன இடம் பாந்தியன்னு ஒரு பழைய கட்டடம். வெள்ளைக்காரங்க நாடகம், விருந்து, நடனம்னு கூத்தடிச்ச பொழுதுபோக்கு மாளிகை. நடுவுல ஒரு ஆர்மீனிய வியாபாரி கைக்குப் போயி, 1830-ல அரசாங்கமே திரும்ப வாங்கினது. அதனாலதான் அது பாந்தியன் ரோடு. (ரொம்ப நாள் வரைக்கும் அதைப் பாண்டியன் ரோடுன்னும், மதுரைப் பாண்டியனுக்கு எழும்பூர்ல என்ன வேலைன்னும் யோசிச்சிட்டிருந்தேன். ஹிஹி.)

யோசிச்சுப் பாருங்க. சாதாரண ஜனம் உள்ள காலே வைக்க முடியாத ஒரு மாளிகை, எவன் வேணாலும் வந்து பார்க்கலாம்ங்கிற இடமா மாறுது. ஆனா கதவைத் திறந்து வெச்சுட்டா ஜனம் வந்துடுமா? வெறும் கல்லையும் தாதுவையும் பார்க்க யாரு வருவா?

பால்ஃபர் இங்கதான் கில்லாடி வேலை ஒண்ணு செஞ்சார். 1855-ல மியூசியத்துக்குள்ளயே ஒரு புலியையும் ஒரு சிறுத்தையையும் கொண்டாந்து கட்டினார். கர்நாடக நவாப்புகிட்ட பேசி அவரோட மிருகங்களையும் வாங்கினார். அடுத்த வருஷமே அங்க 300-க்கு மேல மிருகம், பறவை, பாம்பு, பல்லி. புலியைப் பார்க்க வந்த கூட்டம், வந்ததுக்குக் கல்லையும் பார்த்துட்டுப் போச்சு. நம்ம ஆளுங்க டீக்கடையில இலவசமா பேப்பர் போடுற மாதிரி உத்திதான். :-)

அப்புறம் புலிக்கும் இடம் பத்தல. 1863-ல உயிருள்ளதெல்லாம் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போச்சு. கல்லும், எலும்பும், பாடம் பண்ணின உடம்புகளும் எழும்பூர்லயே தங்கிச்சு. இந்த பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலைதான் 1985-ல வண்டலூருக்குப் போனது.

இப்ப அந்த ரெண்டு பேரையும் திரும்பச் சொல்லிப் பாருங்க. உயிர் காலேஜ், செத்த காலேஜ்.

மியூசியம் ஒரு காலேஜ்ல பொறந்ததுங்கிற சேதி ரெண்டு பேர்லயும் இருக்கு. மியூசியமும் மிருகக்காட்சிசாலையும் ஒரு காலத்துல ஒண்ணா இருந்து, உயிருள்ளது ஒரு பக்கம், உயிரில்லாதது ஒரு பக்கம்னு பிரிஞ்ச சேதியும் அதுலயே இருக்கு. படிச்ச நாமெல்லாம் மறந்துட்ட நகர வரலாற்றை, பள்ளிக்கூடம் போகாத ஜனம் ரெண்டு வார்த்தையில வெச்சு, அப்பன் புள்ளைக்குன்னு நூத்தி சொச்சம் வருஷம் கைமாத்திக் கொடுத்திருக்கு. அதைத்தான் எங்க பெரியம்மா சொன்னாங்க. அதுக்குத்தான் நான் சிரிச்சேன்.

சரி, அன்னிக்கு மியூசியத்துல நடந்ததுக்கு வர்றேன். திமிங்கலத்தை அண்ணாந்து பார்த்துட்டு, வெண்கலச் சிற்பங்கள் இருக்கிற கட்டடத்துக்குப் போனோம். வாசல்லயே பெரியம்மா செருப்பைக் கழட்டிட்டாங்க. அங்க இருந்த காவலாளி, "அம்மா, போட்டுக்கிட்டே போகலாம், கோயில் இல்ல இது"ன்னார். "இருக்கட்டும்யா"ன்னு வெறுங்காலோட உள்ள போனாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. யாராச்சும் தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்களோன்னு பயம். அந்த வயசு அப்படி.

ஒரு நடராஜர் முன்னாடி நின்னுட்டாங்க. சுத்தித் திருவாசி இல்லாம, தனியா ஆடிட்டிருக்கிற நடராஜர். "இது எந்த ஊருடா?"ன்னாங்க. பலகையைப் படிச்சேன். திருவாலங்காடு.

அரக்கோணத்துக்குப் பக்கத்துலதான். பெரியம்மா வருஷா வருஷம் ஆருத்ராவுக்குப் போற ஊர். அஞ்சு சபைகள்ல ரத்தின சபை. காரைக்கால் அம்மையார் கூத்தைப் பார்த்துக்கிட்டே தங்கிட்ட இடம். பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க:

"நம்மூரு சாமிய எதுக்குடா இங்க கொண்டாந்து வெச்சிருக்காங்க?"

எனக்குப் பதில் தெரியல. "பாதுகாப்பா இருக்கத்தான் பெரியம்மா"ன்னு எதையோ சொல்லிச் சமாளிச்சேன்.

அப்புறமா தேடிப் படிச்சதுல தெரிஞ்சது: 1878-ல ஒரு புதையல் சட்டம் வந்துச்சு. மண்ணைத் தோண்டும்போது பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எது கிடைச்சாலும் கலெக்டருக்குச் சொல்லியாகணும். வயல் உழும்போது, கிணறு வெட்டும்போது கிடைச்ச சாமிங்க பல பேர் இப்படித்தான் தாசில்தார் ஆபீஸ் வழியா எழும்பூருக்கு ரயிலேறினாங்க. ஒரு பக்கம் பார்த்தா அது நல்லதுதான். அவங்க மட்டும் வராம இருந்திருந்தா, பாதி உருக்குற பட்டறைக்கும் மீதி கப்பலுக்கும் போயிருக்கும். அமராவதி ஸ்தூபத்துக் கல்லுங்க கதையைப் பாருங்க. 1845-ல வால்டர் எலியட் தோண்டி மெட்ராஸுக்குக் கொண்டு வந்தார். ரொம்ப வருஷம் வெயில்லயும் மழையிலயும் கிடந்துச்சு. 1859-ல நிறைய லண்டனுக்குக் கப்பலேறிடுச்சு, இன்னிக்குப் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. மீதிதான் எழும்பூர்ல. ஆதிச்சநல்லூர்லயும் அப்படித்தான், ஜெர்மன்காரர் ஜாகோர் 1876-ல எடுத்த பொருளெல்லாம் பெர்லினுக்குப் போச்சு. அலெக்சாண்டர் ரீ அப்புறமா தோண்டினது எழும்பூர்ல தங்கிச்சு.

அதே திருவாலங்காட்டு நடராஜரைப் பத்தி ரோடான், ஆமாங்க, 'சிந்தனையாளர்' சிலை செஞ்ச அதே பிரெஞ்சுச் சிற்பி, 1913-ல ஒரு கட்டுரை எழுதினார். அவர் செத்து நாலு வருஷம் கழிச்சு 1921-ல அது அச்சுல வந்துச்சு. மெட்ராஸுக்கு வந்ததே இல்ல, வெறும் போட்டோவைப் பார்த்து உருகி எழுதியிருக்கார். மியூசியத்துல வெச்சதாலதான் அந்தப் போட்டோ எடுக்க முடிஞ்சுது, உலகம் பார்த்துச்சு. ஒத்துக்கிறேன்.

ஆனா பெரியம்மா கேள்வி இன்னும் அப்படியேதான் நிக்குது. ரோடானுக்குப் படம் போய்ச் சேர்ந்துச்சு. திருவாலங்காட்டுக்காரங்களுக்கு என்ன போய்ச் சேர்ந்துச்சு? பலகையில ஊர் பேர், நூற்றாண்டு, உலோகம். அதுவும் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும். இந்தச் சாமி எப்படி மண்ணுக்குள்ள போச்சு, யாரு எடுத்தாங்க, ஏன் திரும்பப் போகலன்னு அந்த ஊர் அம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்ல ஒரு ஆளும் அன்னிக்கு அங்க இல்ல.

நகரத்துக்கு ஒரு மியூசியம் எதுக்குன்னு கேட்டா எனக்குத் தோணுற பதில் இதுதான். பொருளைக் காப்பாத்துறது பாதி வேலை. அது யாருடையதோ அவங்க வந்து நிக்கும்போது பதில் சொல்றது மீதி வேலை. எழும்பூர் முதல் பாதியை ஓரளவு செஞ்சிருக்கு. அந்த வளாகம் கன்னிமாரா நூலகம், மியூசியம் தியேட்டர்னு ஊருக்கு நிறையவே கொடுத்திருக்கு. 1896-ல திறந்த அந்த நூலகத்துல உட்கார்ந்து படிச்சு வேலைக்குப் போனவங்க எத்தனையோ பேர், இதைப் படிக்கிற உங்கள்லயும் சிலர் இருப்பீங்க. ஆனா ரெண்டாவது பாதிக்குக் கட்டடம் போதாது, மனுசங்க வேணும். பொங்கல் லீவுல கட்டுச்சோறோட வந்து புல்தரையில உட்கார்ற குடும்பத்தை, "கூட்டம்"னு பார்க்காம, பால்ஃபர் மாதிரி, விருந்தாளியா பார்க்கிற மனுசங்க.

கொஞ்சம் நம்பிக்கையும் இருக்கு. 2023 மார்ச்ல கீழடியில, தோண்டின இடத்துக்குப் பக்கத்துலயே மியூசியம் திறந்தாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல ஆதிச்சநல்லூர்ல தோண்டின குழிகளையே கண்ணாடி வழியா பார்க்கிற மாதிரி செஞ்சாங்க. பொருள் ஊரை விட்டுப் போகாம, ஊர்லயே இருந்து பேசுது. பெரியம்மா பார்த்திருந்தா, "இதைத்தானடா நானும் கேட்டேன்"னு சொல்லியிருப்பாங்க.

அவங்க போய்ச் சேர்ந்து பல வருஷமாச்சு. போன பொங்கல் லீவுல பசங்களைக் கூட்டிட்டு எழும்பூர் போனேன். ஸ்டேஷன் வாசல்ல ஆட்டோக்காரர்கிட்ட வேணும்னே, "செத்த காலேஜ் போகணும்"னேன். சின்னப் பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும். "அப்படி எந்தக் காலேஜும் இங்க இல்லையே சார்"னு மொபைல்ல மேப்பைத் திறந்தார். பசங்க சிரிச்சாங்க. பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர்தான், "மியூசியம்ப்பா, மியூசியத்தைச் சொல்றாரு"ன்னார்.

ஏறி உட்கார்ந்ததும் பசங்களுக்கு 1851-ல இருந்து ஆரம்பிச்சேன். ரோடு சின்னது. புலி வர்றதுக்குள்ள மியூசியம் வந்துடுச்சு.

உங்க ஊர்லயும் மியூசியத்துக்கோ பழைய கட்டடத்துக்கோ இப்படி ஜனங்க வெச்ச பேர் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. சிரிக்க மாட்டேன்.