கையடக்கச் செயலியின் திரையமைப்பை எளிமையாக்கல்

திரையமைப்பு என்பது, கையடக்கத் தொலைபேசிச் செயலியின் திரையில் எழுத்தும் எண்ணும் படமும் பொத்தானும் எங்கே, எவ்வளவு இடத்தில் நிற்க வேண்டும் என்று நிரலில் எழுதும் முறை. பொத்தானை அழுத்தினால் நடப்பது வேறு நிரல். பொத்தான் நிற்கும் இடத்தைச் சொல்வது வேறு நிரல். இந்த இரண்டாவது வகை கவனிப்பாரில்லாமல் வளரக்கூடியது. திரையில் ஏதாவது ஒன்று சற்றுத் தள்ளி நின்றால், அதைச் சரிக்கட்ட ஒரு பெட்டியைச் சேர்ப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் இன்னொன்று வரும். சில மாதங்களில், எதை அசைத்தால் எது சரியும் என்று எழுதியவருக்கே தெரியாது. எளிமையாக்கும்போது வரிகள் குறைவது உண்மைதான். ஆனால் முக்கியமான மாற்றம் வேறு. ஒவ்வோர் உறுப்பும் நிற்கும் புள்ளியை அளந்து சொல்வதை விட்டு, எது எதை ஒட்டி நிற்கிறது என்ற உறவை மட்டும் எழுதி, அளக்கும் வேலையைக் கருவியிடம் விட்டுவிடுகிறார்கள்.

இதன் தேவை கண்கூடாகத் தெரியும் இடங்களில் ஒன்று இலங்கை மலையகத்தின் கொழுந்து மடுவம், அதாவது பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடம். நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் தொங்கு தராசு போய் மின்னணுத் தராசு வந்திருக்கிறது. கணக்கப்பிள்ளை துண்டிலும் புத்தகத்திலும் எழுதிய கிலோ, இப்போது கையடக்கக் கருவியின் திரையில் விழுகிறது. அந்தத் திரைக்கு வேண்டியவை கொஞ்சமே: தொழிலாளியின் பெயர், செக்ரோல் (பெயர்ப் பதிவேட்டு) இலக்கம், அன்று கொழுந்து எடுத்த மலையின் இலக்கம், மொத்த நிறை, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கும் நிறை, தேறிய நிறை, பதிவுப் பொத்தான். ஏழே உறுப்புகள். ஆனால் அந்த எண்களில்தான் அன்றைய சம்பளம் இருக்கிறது. நாளுக்குரிய கிலோ எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்; கூடினால், கூடிய கிலோவுக்குத் தனிக் காசு. இவ்வளவு சிறிய திரையைக்கூடச் சிக்கலாக எழுதிவிட முடியும் என்பதால், இந்தக் கட்டுரை முழுவதற்கும் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

தொடக்கத்தில் இடத்தைப் பிக்சல் கணக்கில் சொல்வது பெரிய தவறாகத் தெரியவில்லை. 2007இல் வந்த முதல் ஐபோனின் திரை 320க்கு 480 பிக்சல். 2008இல் வந்த முதல் அன்ட்ராய்ட் தொலைபேசியின் திரையும் அதே அளவு. வேறு அளவுத் திரைகள் வந்ததும் அந்த வழி அடைபட்டது. உறுப்பின் புள்ளியை நேரடியாகச் சொல்லும் ‘அப்சலூட் லேஅவுட்’ முறையை 2009இலேயே அன்ட்ராய்ட் கைவிடத்தக்கது என்று அறிவித்தது. பிக்சலுக்குப் பதிலாக அங்குலத்தில் 160இல் ஒரு பங்கான ‘டிபி’ என்ற அலகு வழக்கத்துக்கு வந்தது. திரையின் நுணுக்கம் எப்படி இருந்தாலும் பொத்தான் கைக்குத் தெரியும் அளவில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆயினும் அலகு மாறினால் போதாது. அகலத் திரையில் எது விரிய வேண்டும், எது அப்படியே நிற்க வேண்டும் என்பதை அலகு சொல்லாது.

அடுத்து வந்தது பெட்டிக்குள் பெட்டி வைக்கும் முறை. அன்ட்ராய்டின் ‘லீனியர் லேஅவுட்’ தன் உறுப்புகளைக் கிடையாகவோ நெடுக்காகவோ அடுக்கும். பெயரும் இலக்கமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க ஒரு கிடைப் பெட்டி. ஒவ்வொரு நிறைக்கும் அதன் பெயருடன் ஒரு கிடைப் பெட்டி. மூன்று நிறைகளையும் அடுக்க ஒரு நெடுக்குப் பெட்டி. எல்லாவற்றையும் பொத்தானோடு சேர்க்க இன்னொன்று. ஏழு உறுப்புகளுக்கு ஆறு பெட்டிகள் வந்துவிட்டன. இடத்தை விகிதப்படி பங்கிட ‘வெயிட்’ என்ற பண்பைச் சேர்த்தால் சிக்கல் தீவிரமாகும். எவ்வளவு இடம் மிஞ்சும் என்று அறிய ஒரு முறை, மிஞ்சியதைப் பங்கிட மறுமுறை எனப் பெட்டி தன் உறுப்புகளை இரு முறை அளக்க நேரும். அப்படிப்பட்ட பெட்டிகள் நான்கு ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால், உள்ளே கிடக்கும் ஓர் எழுத்து வரி 16 முறை அளக்கப்படக்கூடும். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிவிநாடி. தொழிலாளர் பட்டியலின் ஒவ்வொரு வரியும் இப்படி எழுதப்பட்டிருந்தால், விலை குறைந்த தொலைபேசியில் பட்டியல் விக்கி விக்கி நகரும். அன்ட்ராய்டின் நிரல் சோதிப்புக் கருவி 10 அடுக்குக்கு மேல் போனாலும், ஒரே அமைப்பில் 80 உறுப்புக்கு மேல் இருந்தாலும் எச்சரிப்பது இதனால்தான். அந்த எச்சரிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தன்னுள் ஒரே ஓர் உறுப்பை மட்டும் வைத்திருக்கும் பெட்டி எங்கிருந்தாலும் அது பெரும்பாலும் நீக்கத்தக்கதே.

அடுக்குகளைத் தட்டையாக்க உதவியது உறவு முறை. அதன் வேர் ஆழமானது: 1963இல் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ வரைகருவியிலேயே கோடுகளுக்கிடையே நிபந்தனைகளை விதிக்க முடிந்தது. 1990களின் பிற்பகுதியில் அலன் போர்னிங், பீட்டர் ஸ்டக்கி முதலியோர் ‘கசோவரி’ என்ற தீர்வு முறையை வகுத்தனர். திரையில் உள்ள உறவுகளை நேரியல் சமன்பாடுகளாக்கி, ஒன்று மாறினால் முழுவதையும் முதலிலிருந்து கணக்கிடாமல் தீர்க்கும் முறை அது. ‘தேறிய நிறையின் வலது விளிம்பு, மொத்த நிறையின் வலது விளிம்புக்குச் சமம்’ என்பது அப்படியொரு சமன்பாடு. அப்பிள் நிறுவனம் 2012இல் ஐஓஎஸ் 6 உடன் ஐபோனுக்குக் கொண்டுவந்த ‘ஆட்டோ லேஅவுட்’டும், கூகுள் 2016இல் அறிவித்த ‘கன்ஸ்ட்ரெய்ன்ட் லேஅவுட்’டும் கசோவரியின்மேல் எழுந்தவை. உள்பெட்டி எதுவும் இல்லாமல் மடுவத் திரையின் ஏழு உறுப்புகளையும் ஒரே தளத்தில் நிறுத்திவிடலாம். இதற்கும் ஒரு விலை உண்டு: ஐபோனில் தொடக்கத்தில் ஓர் உறவை எழுதவே நீண்ட நிரல் தேவைப்பட்டது. 2015இல் ஐஓஎஸ் 9 கொண்டுவந்த ‘ஸ்டாக் வியூ’வும் ‘ஆங்கர்’ எழுத்து முறையும் அந்தப் பாரத்தைக் குறைத்தன.

இப்போது பரவியிருப்பது அறிவிப்பு முறை: இந்தத் தரவுக்குத் திரை எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதி, மாற்றும் வேலையைக் கருவியிடம் விடுவது. இந்த முறைக்கான கருவிகளில், ஃப்ளட்டரின் முதல் நிலையான பதிப்பு 2018 டிசம்பரில் வெளிவந்தது; ஸ்விஃப்ட்யூஐ 2019 ஜூனில் அறிவிக்கப்பட்டது; ஜெட்பேக் கம்போஸின் 1.0 பதிப்பு 2021 ஜூலையில் வெளிவந்தது. கம்போஸில் ஒரு சுற்றில் ஓர் உறுப்பை ஒரு முறைதான் அளக்க முடியும் என்பது விதி. ஆகவே அடுக்கு ஆழமானாலும் அளக்கும் வேலை மடங்கு மடங்காகப் பெருகுவதில்லை. அதைவிடப் பெரிய நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. பழைய முறையில் தராசிலிருந்து புது நிறை வந்ததும் மொத்த நிறையைத் தேடி மாற்ற வேண்டும், பிறகு கழிவை, பிறகு தேறிய நிறையை. ஒன்றை மாற்ற மறந்தால், அடுத்து நிற்கும் பெண்ணின் மொத்த நிறைக்குக் கீழே முன்னால் போனவரின் தேறிய நிறை நிற்கும். அறிவிப்பு முறையில் தரவு ஓரிடத்தில் இருக்கும். தரவு மாறினால் அதைச் சார்ந்த பகுதிகள் அதிலிருந்தே மீண்டும் வரையப்படும். இந்த வகைப் பிழைக்கு மிகக் குறைவான இடமே மிஞ்சுகிறது.

மொழியும் திரையமைப்பின் பகுதியே. இலங்கையில் 1987இன் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழிச் செயலி இங்கே எதிர்பார்க்கப்படும் ஒன்று. மொழிக்கொரு திரையை எழுதுவது மூன்று மடங்கு வேலை, மூன்று மடங்கு பிழை. அன்ட்ராய்டில் சொற்களை மட்டும் தனிக் கோப்புகளில், தமிழுக்கு ‘டிஏ’, சிங்களத்துக்கு ‘எஸ்ஐ’ என்ற குறியுள்ள கோப்புறைகளில் வைத்து, அமைப்பு ஒன்றையே எழுதலாம். ஆனால் அந்த அமைப்பு நீண்ட சொல்லுக்கு இடம் கொடுக்க வேண்டும். மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வெட்டிய இடத்தில் ‘தேறிய நிறை’ அடங்காது. எழுத்தை எண்ணி வெட்டும் நிரல் இன்னும் மோசம்: ‘கொ’ கணினிக்கு இரண்டு குறிகள் என்பதால், நடுவில் வெட்டினால் வெறும் ‘க’ மிஞ்சும். அகலத்தைக் கட்டிப்போடாமல், சொல்லை மேலும் எண்ணைக் கீழுமாக வைப்பதே தமிழுக்குப் பொருந்தும். எழுத்தளவை ‘எஸ்பி’ அலகில் கொடுத்தால், கண் மங்கியவர் தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கும்போது செயலியிலும் பெரிதாகும்.

விரல் படும் இடத்துக்கு அன்ட்ராய்ட் பரிந்துரைப்பது 48 டிபி, அதாவது ஏறக்குறைய 7.6 மில்லிமீற்றர்; அப்பிள் சொல்வது தன் அலகில் 44 புள்ளி. மழையும் பனியும் நிற்காத மலையில் இதைக் குறைந்தபட்ச அளவாகவே கொள்ள வேண்டும். ஈர விரலையும் திரையில் விழுந்த துளியையும் தொடுதிரை குழப்பிக்கொள்ளும். பதிவுப் பொத்தானை ஒட்டி அழிப்புப் பொத்தானை வைப்பது அங்கே ஒரு நாள் உழைப்பையே பணயம் வைப்பதாகும்.

எளிமையாக்கும்போது எதை எடுக்கக் கூடாது என்பதும் இதில் அடங்கும். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோவைக் கழிப்பது தோட்டத் தொழிலாளரின் நெடுநாள் மனக்குறை. தேறிய நிறையை மட்டும் காட்டினால் திரை துப்புரவாக இருக்கும், நிரலும் குறையும். ஆனால் எவ்வளவு கழிந்தது என்று கூடையோடு நிற்பவருக்குத் தெரியாது. கம்போஸில் கழிவைக் காட்டத் தேவைப்படுவது நெடுக்குப் பெட்டிக்குள் இன்னொரு வரி மட்டுமே. மூன்று நிறைகளையும் வலது விளிம்பு சேர ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, கழிவுக்குக் கீழே ஒரு கோட்டை இட்டால், பள்ளிக்கூடத்துக் கழித்தல் கணக்கைப் போலத் திரை நிற்கும்: மேலே 24.6, அடுத்து 1.5, கோட்டுக்குக் கீழே 23.1.