கெய்ரோவில் எழுந்த கலங்கரை விளக்கம்

மார்க்கம் ஆலிம்களுக்கு உரியது, உலக நடப்பு அரசியலாளருக்கு உரியது என்று இரண்டையும் பிரித்து வைத்திருப்போர் நம்மில் பலர். இப்பிரிவினையை ஏற்க மறுத்த ஓர் ஏட்டின் வரலாற்றை நம் இல்லங்கள் அறிந்திருத்தல் நலம். அதுவே 'அல்மனார்'.

அன்றைய சிரியாவின் திரிப்போலி நகருக்கு அருகே 1865இல் பிறந்த செய்யித் ரஷீத் ரிளா, தம் ஆசான் முஹம்மது அப்துஹூவை நாடிக் கெய்ரோ சென்று, 1898இல் இவ்வேட்டைத் தொடங்கினார். அச்சான 1500 படிகளில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. உதுமானிய அரசோ தன் ஆட்சிப் பகுதிகளில் அதனைத் தடை செய்தது. எனினும் ஆசிரியர் தளரவில்லை. வார ஏடாகத் தோன்றியது மாத ஏடாக மாறி, அவர் 1935இல் மறையும் வரை வெளிவந்தது.

அதன் பக்கங்களில் திருமறை விரிவுரை ஒருபுறம். 1911இல் லிபியாவின் மீது இத்தாலி தொடுத்த போர், 1924இல் கிலாபத் ஒழிக்கப்பட்டமை முதலியவை பற்றிய ஆய்வு மறுபுறம். 1908இல் துருக்கியில் அரசியலமைப்பு மீண்டபோது வரவேற்ற அதே ஏடு, பின்னர் ஆட்சியாளர் தடம் மாறியபோது அவர்களைக் கண்டிக்கவும் தயங்கவில்லை. அதன் மார்க்கத் தீர்ப்புகள் யாவற்றையும் எல்லா ஆலிம்களும் ஏற்றனர் என்பதற்கில்லை. ஆயினும், மாற்றுக் கருத்தினரும் அதனைப் படித்தனர்.

வாசகரின் வினாக்களே அதற்கு உயிர். போர்னியோத் தீவின் சம்பாஸிலிருந்து பஸ்யூனி இம்ரான் என்ற ஆலிம், முஸ்லிம்கள் பின்தங்கியதும் பிறர் முன்னேறியதும் ஏன் என்று கேட்டு எழுதினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அமீர் ஷகீப் அர்ஸலான் அதற்கு விரிவாக விடை எழுத, அவ்விடை 1930இல் தனி நூலாகவே வெளிவந்தது. தொலைதூரத் தீவிலிருந்து வந்த ஒரு மடல், அறிவுலகம் முழுவதையும் சிந்திக்க வைத்தது!

அவ்வொளி நம் அண்டையிலும் வீசியது. அல்மனாரால் ஊக்கம் பெற்ற வக்கம் அப்துல் காதர் மௌலவி, திருவிதாங்கூரில் 1905இல் 'சுதேசாபிமானி'யையும், 1906இல் 'முஸ்லிம்' ஏட்டையும் நிறுவினார். அரசின் குறைகளைச் சுதேசாபிமானி எடுத்துரைத்ததால் 1910இல் அவருடைய அச்சகம் பறிமுதலாயிற்று. அதன் பின்னரும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. 1918இல் 'அல்இஸ்லாம்' ஏட்டைத் தொடங்கினார்.

தடையும் பறிமுதலும் இத்தகைய ஏடுகளை அழித்துவிடவில்லை. வாசகர் பாராமுகமாய் இருந்துவிட்டால்தான் அவை மடியும். சந்தா செலுத்துவதோடு நம் கடமை முடிந்துவிடாது. சம்பாஸ் ஆலிமைப் போல் நாமும் கேட்டு எழுத வேண்டும்.